‘சிறைச்சாலை’ படத்தில் கொடுமை அதிகமா? – விவாத இழை

பாலாற்றுவாசி (இழையைத் தொடங்கியவர்)

வெள்ளையர் காலத்து அந்தமான் சிறையை வைத்துப் பிரியதர்ஷன் இயக்கிய ‘சிறைச்சாலை’ படத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு இரண்டே இடங்களில் நின்றுவிடுகிறது. ஒன்று, இளையராஜாவின் இசையும் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும். மற்றொன்று, “ஐயோ, அந்தக் கொடுமையைப் பார்க்க முடியவில்லை” என்ற அலறல். 1996 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டையொட்டி, மலையாளத்தில் ‘காலாபானி’ என்றும் தமிழில் ‘சிறைச்சாலை’ என்றும் வந்தது முதல் இன்றுவரை இதே கதைதான். தேசிய விருதுக் குழு ஒளிப்பதிவுக்கும், சாபு சிரிலின் கலை இயக்கத்துக்கும், ஒலிப்பதிவுக்கும், சிறப்பு விளைவுகளுக்கும் விருது கொடுத்தது. நான்கும் தொழில்நுட்ப விருதுகள். படம் எதைச் சொல்ல வந்ததோ அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் கொடுமை அதிகம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. அந்தமான் செல்லுலார் சிறையில் நடந்ததற்கு முன்னால் இந்தப் படம் அடக்கியே வாசித்திருக்கிறது. என் குறை வேறு. கொடுமை முழுவதையும் இரண்டு முகங்களில் ஏற்றிவிட்டார்கள். ஜெயிலர் டேவிட் பாரி ஒருவன், அம்ரீஷ் பூரி நடித்த மிர்சா கான் இன்னொருவன். அவர்கள் உறுமுகிறார்கள், உதைக்கிறார்கள், சாட்டையைச் சுழற்றுகிறார்கள். பார்க்கிறவன் அந்த இரண்டு பேரையும் வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

செல்லுலார் சிறையை நடத்தியது சாட்டை மட்டும் அல்ல. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அந்தக் கட்டடமே ஒரு தண்டனை. நடுவில் கோபுரம், அதிலிருந்து பிரியும் ஏழு சிறகுகள், ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும். எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைத் தன் கொட்டடியிலிருந்து பார்க்க முடியாது. இப்படி ஒரு வரைபடத்தை மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து யாரோ நிதானமாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரையும் உதைத்தவர்கள் அல்ல. அந்த மனிதர்களைப் படம் காட்டவில்லை, விமர்சகர்களும் கேட்கவில்லை.

வேலூர்க்காரர்களிடம் இதைப் பேச வேண்டும் என்று தோன்றியது. நமக்குச் சிறை புதிதல்ல. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் அடைபட்டிருந்தார்கள். கண்டியின் கடைசி அரசர் கைதியாக வந்து 1832-ல் இங்கேயே இறந்தார். தொரப்பாடியில் மத்திய சிறை. அதற்குள் ராஜாஜி 1921–22-ல் இருந்து நாட்குறிப்பு எழுதினார்; காமராஜர் இருந்தார்; 1941-ல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கிருந்து தப்பினார். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

---

குடியாத்தம் இளையவன்

ஐயா, நான் இந்தப் படத்தைச் சென்ற மாதம்தான் முதல் முறையாகப் பார்த்தேன். படம் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. மோகன்லால் அம்ரீஷ் பூரியின் பூட்ஸை நக்கும் காட்சியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

என் கேள்வி நேரடியானது. அந்தக் காட்சி தேவையா? ஒரு மனிதனை இவ்வளவு தாழ்த்திக் காட்டினால்தான் நமக்குப் புரியுமா? சில விமர்சகர்கள் இதைக் கண்ணீரை வலுக்கட்டாயமாகப் பிடுங்கும் உத்தி என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது.

---

ஆம்பூர்த் தோல்காரர்

தம்பி, நான் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வகையில் தோலைத் தொட்டுத்தான் சாப்பிடுகிறோம். அதனால் அந்தக் காட்சியில் என் கண் முதலில் பூட்ஸுக்குத்தான் போனது.

பூட்ஸை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதைத் திரும்பப் பாருங்கள். பூட்ஸுக்குள் இருப்பவன் நிமிர்ந்து நிற்கிறான், அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. கீழே இருப்பவன் படித்த மருத்துவன். பாலிஷ் ஏறிய தோலின் மணம் எனக்குத் தெரியும். மெழுகும் எண்ணெயும் சாயமும் கலந்து மூக்கில் ஏறும். தையல் இடுக்கில் தூசி உட்கார்ந்துவிடும், துணியால் துடைத்தாலும் போகாது. அது ஒரு மனிதனின் நாக்கில் படுகிறது என்று நினைத்தபோது என் வயிறு புரண்டது. அடி வாங்கும் காட்சிகளில் எனக்கு அப்படி ஆகவில்லை.

அடி வாங்குகிறவன் எதுவும் செய்வதில்லை, வாங்குகிறான், அவ்வளவுதான். இங்கே அவனையே செய்ய வைக்கிறார்கள். தன் உடம்பைக் கொண்டு தன்னையே தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறார்கள். கண்ணீர் பிடுங்கும் உத்தி என்று எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. படத்தில் வெட்டி எறியக்கூடிய காட்சிகள் நிறைய உண்டு. இது அதில் சேராது.

---

ஆரணிச் செக்கடி

பாலாற்றுவாசி ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. செக்கை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக எண்ணெய் ஆட்டிய குடும்பம். பெரும்பாலும் கடலையும் எள்ளும், கொஞ்சம் கொப்பரையும்.

அந்தமானில் ஒரு கைதிக்கு விதித்த அளவு ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய். நம் கணக்கில் 13 கிலோ 600 கிராம். நன்றாகக் காய்ந்த கொப்பரை நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து பங்கு எண்ணெய் கொடுக்கும். அப்படியென்றால் ஒருவன் ஏறக்குறைய 22 கிலோ கொப்பரையை ஆட்டி முடிக்க வேண்டும். மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுக்க வேண்டும்.

செக்கைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று தெரியாது. முதல் சுற்றுகளில் எண்ணெய் தாராளமாக இறங்கும். பார்க்கிறவனுக்கு இது ஆகிவிடும் என்று தோன்றும். பாதிக்கு மேல் போனதும் பிண்ணாக்கு இறுகி உரலின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கடப்பாரையால் குத்திவிட்டுத் திரும்ப இழுக்க வேண்டும். பாரம் கூடிக்கொண்டே போகும், எண்ணெய் குறைந்துகொண்டே போகும். கடைசி இரண்டு கிலோவுக்குத்தான் உயிர் போகும். இன்னொன்று, கொப்பரையில் ஈரம் இருந்தால் எண்ணெய் விடாது. அந்தமான் இரண்டு பருவமழையும் கொட்டும் தீவு. ஈரக் கொப்பரையைக் கொடுத்துவிட்டு, காய்ந்த கொப்பரையின் கணக்கில் எடை கேட்டால் அந்த மனிதன் என்ன செய்வான்? அவன் சோம்பேறி என்று பதிவேட்டில் எழுதுவார்கள். மாலையில் எடை குறைந்தால் தண்டனை.

படத்தில் செக்கு வருகிறது, சாட்டை வருகிறது, மோகன்லால் தோளில் நுகத்தடி வருகிறது. தராசு எனக்கு நினைவில் நிற்கவே இல்லை. நான் இயக்குநராக இருந்திருந்தால் தராசைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பேன். சாட்டை பிடித்தவன் இரவில் தூங்கப் போவான். தராசு மறுநாள் காலையிலும் அதே 30 பவுண்டைத்தான் கேட்கும்.

---

ஓய்வுபெற்ற காவலர்

நான் சிறைத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சிறை என்பது இங்கே தேவையில்லை. இரண்டு ஐயாமார்களும் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

கட்டடம் யாரையும் அடிப்பதில்லை. விதிப்புத்தகம் யாரையும் அடிப்பதில்லை. ஒரே விதி இரண்டு பேர் கையில் இரண்டு விதமாக நடக்கும். காலையில் கொட்டடி திறந்து எண்ணிக்கை எடுக்கும்போது ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இன்னொருவர் தடியால் கம்பியைத் தட்டுவார். விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கைதிக்கு அந்த நாள் எப்படி விடிகிறது என்பது எதிரில் நிற்கிறவனைப் பொறுத்தது. “அமைப்புதான் காரணம்” என்று சொல்லிவிட்டால் தடி பிடித்த கைக்கு விடுதலை கிடைத்துவிடும். இந்தப் பேச்சை நான் பணியிலிருந்த காலத்திலும் கேட்டிருக்கிறேன். மேலே சொன்னார்கள், செய்தேன் என்பார்கள்.

மிர்சா கான் யார் என்று யோசித்தீர்களா? அந்தப் பெயரில் ஒரு ஜமேதார் அங்கே உண்மையிலேயே இருந்தான். ஜமேதார், டிண்டால், பெட்டி ஆபீசர், வார்டர் என்று அங்கே கைதிகளை மேய்த்தவர்கள் பெரும்பாலும் கைதிகளே. கொலைக்கும் கொள்ளைக்கும் ஆயுள் தண்டனை பெற்று வந்தவனுக்கு ஓர் அடையாள வில்லையும் தடியும் கொடுத்து அரசியல் கைதியின் தலைமேல் உட்கார வைத்தார்கள். நம் சிறைகளிலும் கன்விக்ட் வார்டர் என்ற ஏற்பாடு உண்டு. நேற்றுவரை செக்கிழுத்தவன் இன்று சாட்டை பிடித்தால், தான் இனிச் செக்குக்குத் திரும்பக்கூடாது என்பதற்காகவே கூடுதலாக அடிப்பான். அம்ரீஷ் பூரியின் உறுமலுக்குள் அந்தப் பயமும் இருக்கிறது. அதை வெறும் வில்லத்தனம் என்று எழுதிய விமர்சகர்கள் சிறையை வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

---

பாலாற்றுவாசி

காவலர் ஐயா, கைதியையே காவலுக்கு வைத்தார்கள் என்று நீங்கள் சொன்னதைத்தான் நான் அமைப்பு என்கிறேன். அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் மிர்சா கான் அல்ல. படம் அந்த ஒரு செய்தியை, அவனும் தண்டனை பெற்று வந்தவன்தான் என்பதை, பார்வையாளன் மனத்தில் பதிகிற மாதிரி சொல்லியிருந்தால் என் குறையில் பாதி தீர்ந்திருக்கும். நடிகர் உணர்த்தினார் என்கிறீர்கள். எழுத்திலும் அது இருந்திருக்க வேண்டும்.

---

காட்பாடி வாசகி

ஆண்கள் எல்லாரும் செக்கையும் சாட்டையையும் பேசி முடித்துவிட்டீர்கள். பார்வதியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே!

விமர்சனங்களில் தொடர்ந்து வரும் இன்னொரு குறை, காதல் பகுதி படத்துக்கு ஒட்டவில்லை, ‘செம்பூவே பூவே’ மாதிரி பாட்டு இந்தக் கதைக்குத் தேவையில்லை என்பது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஒரு மனிதனைக் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் அனுப்பினால் தண்டனை அவனுக்கு மட்டுமா? தபு நடித்த பார்வதி காத்திருக்கிறாள். அவளுக்குத் தீர்ப்பும் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை.

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் தொரப்பாடி வழியாகத்தான் பஸ்ஸில் போவேன். மனு போட்டுப் பார்க்க வந்த பெண்கள் சிறை வாசலில் காத்திருப்பார்கள். பலர் விடியற்காலையில் வெளியூரிலிருந்து கிளம்பி வந்தவர்கள். ஒரு கையில் துணிப்பை, அதில் பழமும் பிஸ்கட்டும். பையை மடியிலிருந்து கீழே வைக்க மாட்டார்கள். பெயரைக் கூப்பிடும்போது எழுந்து ஓட வேண்டுமே என்று செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். தாய், மனைவி, தங்கை. அவர்களைப் பார்த்தவர்களுக்குப் பார்வதியின் பகுதி ஒட்டாமல் போகாது.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவுமதியின் வரிகளும் பாலசுப்பிரமணியம், சித்ரா குரல்களும் அந்த மனிதன் எதை இழந்தான் என்பதற்குக் கணக்குக் காட்டுகின்றன. அது இல்லாவிட்டால் மோகன்லால் நடித்த கோவர்த்தன் வெறும் அடி வாங்கும் உடம்பு. பாட்டை வெட்டிவிட்டுக் கொடுமையை மட்டும் காட்டு என்பது எனக்குச் சரியான விமர்சனமாகப் படவில்லை.

---

ஆம்பூர்த் தோல்காரர்

அம்மா, இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாட்டு ஓடும்போது நானும் கொட்டகையில் வெளியே போய் நின்றவன்தான். செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பகுதியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

---

சத்துவாச்சாரி சீனியர்

சாவர்க்கர் பாத்திரம் வருகிறதே, அன்னு கபூர் நடித்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் பேசாதது ஏன்? இன்று இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அதைத்தானே பிடித்துக்கொள்கிறார்கள்.

---

பாலாற்றுவாசி

பேசலாம். சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை அங்கே இருந்தார். செக்கிழுத்ததும் உண்மை, 1911-லிருந்தே கருணை மனுக்கள் எழுதியதும் உண்மை, பிற்காலத்தில் அதே சிறையின் எண்ணெய்க் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்ததும் உண்மை. படத்தில் அவர் சிறிய பாத்திரம்தான். அந்தச் சிறிய பாத்திரத்தை வைத்துப் படத்தைத் தூக்கிப்பிடிப்பதும் தூற்றுவதும் எனக்கு ஒன்றுபோலவே படுகிறது. இரண்டு தரப்புக்கும் அந்தமான் சிறை என்றால் ஒரே ஒரு கைதி.

எனக்கு வருத்தம் வேறு பெயர்களைப் பற்றி. இந்துபூஷண் ராய் 1912-ல் தன் கொட்டடியில் தூக்கில் தொங்கினார். அதே ஆண்டு உல்லாஸ்கர் தத்தின் மனம் பேதலித்தது. பிறகு சென்னையில் உள்ள மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் சென்னைக்கு! 1933 உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். வாய்வழியாகவும் மூக்கு வழியாகவும் வலுக்கட்டாயமாகப் பாலை ஏற்றியதில் வந்த சாவு. படத்தின் கதை முதல் உலகப்போர்க் காலத்தில் நடப்பதால் 1933 அதில் வர முடியாது, அது இயக்குநரின் குற்றமல்ல. ஆனால் படத்தைப் பற்றி எழுதியவர்கள் இந்தப் பெயர்களில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

---

குடியாத்தம் இளையவன்

உல்லாஸ்கர் தத் சென்னைக்கு வந்தார் என்பது எனக்குப் புதிய செய்தி. நன்றி ஐயா.

இன்னொரு கேள்வி. நம் ஊரில் 1806 ஜூலை 10-ல் சிப்பாய்ப் புரட்சி நடந்ததே, அதைப் பற்றி இவ்வளவு பெரிய படம் ஏன் வரவில்லை? ஆண்டுதோறும் நினைவுத்தூணில் மாலை போடுகிறார்கள், அத்தோடு சரி.

---

பாலாற்றுவாசி

வரவேண்டும். ஆனால் எப்படிப்பட்ட படம் வரும் என்ற கவலை எனக்கு உண்டு. இரவில் எழுச்சி, கோட்டையில் திப்புவின் புலிக்கொடி, காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வருவது. இது வரைக்கும் யாரும் எடுப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் பொருள் இருக்கிறது. கோட்டையை மீட்ட வேகத்தில் சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திக் கொன்றார்கள். கொன்று முடித்த பிறகு சாவகாசமாக விசாரணை வைத்தார்கள். விசாரணையின் முடிவில் 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், 5 பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கிலிட்டார்கள், 5 பேரை நாடு கடத்தினார்கள். ஆத்திரத்தில் செய்த கொலைக்கு முகம் உண்டு. எவனுக்குப் பீரங்கி, எவனுக்குத் தூக்கு என்று பங்கிட்டுக் கையெழுத்துப் போட்டதற்கு முகம் இல்லை. ஆறு, ஐந்து, எட்டு, ஐந்து என்று அந்தப் பங்கீடு நடந்த அறையைப் படமாக எடுக்கத் துணிகிற இயக்குநர் வேண்டும்.

---

ஆரணிச் செக்கடி

இழை வேறு பக்கம் போகிறது என்று யாரும் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். 1961-ல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தை இதோடு ஒப்பிட்டு யாரும் எழுதவில்லையே? அதிலும் செக்கு, இதிலும் செக்கு.

---

காட்பாடி வாசகி

அந்தப் படம் தேசிய அளவில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வானது, கொட்டகையில் தோற்றது. சிவாஜி செக்கிழுக்கும்போது நமக்கு வ.உ.சி. என்ற பெரிய மனிதர் நினைவில் இருக்கிறார். கப்பல் விட்டவரை மாடாக்கிவிட்டார்களே என்ற ஆற்றாமையில் அழுகிறோம். கோவர்த்தன் கற்பனைப் பாத்திரம். அவருக்காக அழ நமக்கு வரலாறு கைகொடுப்பதில்லை, படம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பிரியதர்ஷன் கொடுமையைக் கூட்டிக்கொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெயர் தெரிந்த தியாகிக்கு ஒரு செக்குப் போதும்.

---

ஓய்வுபெற்ற காவலர்

வாசகி அம்மா சொன்னது சரி.

பாலாற்றுவாசி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். படத்தின் முடிவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கோவர்த்தன் பாரியையும் மிர்சா கானையும் கொன்றுவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான். உங்கள் வாதப்படி அது தவறான முடிவாகத்தானே இருக்க வேண்டும்?

---

பாலாற்றுவாசி

ஆமாம், என் பார்வையில் படத்தின் பெரிய சறுக்கல் அதுதான். உண்மையில் டேவிட் பாரி எந்தக் கைதியின் கையாலும் சாகவில்லை. பல ஆண்டுகள் அந்தச் சிறையை ஆண்டுவிட்டு, பணிக்காலம் முடிந்துதான் போனான். அவன் போன பிறகும் சிறை நடந்தது. 1933-ல் இறந்த மூவரும் பாரியைப் பார்த்ததுகூட இல்லை. படத்தில் அவன் செத்ததும் கொட்டகையில் கைதட்டினார்கள். கைதட்டியதும் அவ்வளவு நேரம் நெஞ்சில் ஏற்றிய பாரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டோம். கொடுமை அதிகம் என்று எழுதிய விமர்சகர்கள் இந்த ஆறுதலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

---

ஓய்வுபெற்ற காவலர்

முடிவைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். அந்தக் கொலைகள் இல்லாமல் தூக்கு மட்டும் இருந்திருந்தால் படம் இன்னும் கனத்திருக்கும்.

மிர்சா கான் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். தராசை வைத்தவன் வெள்ளைக்காரன். எடை குறைந்ததும் தடியை ஓங்கியவன், ஓங்காமல் இருந்திருக்கலாம். அந்த இடத்தில் அவனுக்கு ஒரு முகம் கொடுத்ததற்காக இயக்குநரை நான் குறை சொல்ல மாட்டேன்.